"சொந்த ஊருக்கு வந்தாச்சா?" - மிஷனரி வீட்டுப் பிள்ளைகளைத் திணறவைக்கும் கேள்வி!

துபாயிலிருந்தோ டெக்சாஸிலிருந்தோ லீவுக்கு வரும் உங்க அக்கா பையனைக் கவனிச்சிருக்கீங்களா? வந்து நாலு நாள்தான் ஆகியிருக்கும். "அம்மா, எப்போ நம்ம வீட்டுக்குப் போறோம்?" என்பான். "இதுதானேடா உன் வீடு" என்று சொல்லும் பாட்டியின் முகம் வாடிப்போகும்.

நமக்கு இது கொஞ்ச காலமாகத்தான் பழக்கம். ஆனால், வெளிநாட்டுக்குப் போய்க் குடியேறும் மிஷனரி குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சந்திக்கும் சிக்கல் இது.

லீவு இல்லை, டியூட்டி!

மிஷனரி குடும்பங்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை தாய்நாட்டுக்கு வந்துபோவதை 'ஃபர்லோ' என்பார்கள். ராணுவத்தினரின் விடுப்பைக் குறிக்கும் சொல் அது. இப்போது பல அமைப்புகள் அதை 'ஹோம் அசைன்மென்ட்' என்கின்றன. காரணம் இருக்கு. பல குடும்பங்கள் சொந்த நாட்டுச் சபைகளும் நண்பர்களும் தரும் காணிக்கையில்தான் வாழ்கின்றன. அதனால், வந்ததும் ஊர் ஊராகப் போய் வேலையைப் பற்றிச் சொல்லி, அடுத்த சில வருடங்களுக்கான ஆதரவையும் திரட்ட வேண்டும். பிள்ளைகளும் மேடையேறி, "அந்த ஊர் பாஷையில ஒரு பாட்டுப் பாடு கண்ணா" என்றால் பாட வேண்டும். இதில் ஓய்வு எங்கே?

மூன்றாவது உலகம்

1950-களில் ரூத் ஹில் யூசீம் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், இந்தியாவில் வசித்த அமெரிக்கக் குடும்பங்களைக் கணவருடன் சேர்ந்து ஆராய்ந்தார். மிஷனரிகளும் அதில் அடக்கம். அந்தப் பிள்ளைகள் பெற்றோரின் நாட்டிலும் முழுசாக ஒட்டவில்லை, வாழும் நாட்டிலும் முழுசாகச் சேரவில்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் உலகத்தில் வளர்ந்தார்கள். அவர்களுக்கு அவர் வைத்த பெயர், 'தேர்டு கல்ச்சர் கிட்ஸ்'.

நம்ம ஊர் உதாரணமே இருக்கு. 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். சிறுவயதிலேயே அமெரிக்கா போனார். பெற்றோர் மீண்டும் இந்தியா வந்தபோது, அவர் உறவினர்களிடம் விடப்பட்டார். 'மிஷனரி வாழ்க்கையே எனக்கு வேண்டாம்' என்றுதான் இருந்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் இருந்தபோது, பெண் டாக்டர் இல்லாததால் ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகள் இறந்தார்கள். அது அவரை உலுக்கியது. மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-ல் வேலூரில் தொடங்கிய ஒற்றைப் படுக்கை கிளினிக்தான் இன்றைய சி.எம்.சி. சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவருக்கு அதுவே ஊரானது.

எல்லோருடைய கதையும் இப்படி முடிவதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் கினியாவில், மாமூ என்ற இடத்தில் மிஷனரி பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. அங்கே சிறுவர்களுக்கு நடந்த கொடுமைகளை 1998-ல் ஒரு விசாரணைக் குழு அம்பலப்படுத்தியது. வளர்ந்து ஆளான பிறகு அந்தப் பிள்ளைகளே வாய் திறந்ததால்தான் உண்மை வெளியே வந்தது. 'அப்பா அம்மா பெரிய வேலை செய்யறாங்க, நீ அழக்கூடாது' என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, யாரிடம் புகார் சொல்லும்?

வீடியோ கால் போதுமா?

அன்று ஒரு கடிதம் வரவே வாரக்கணக்கில் ஆகும். இன்று தாத்தா பாட்டி தினமும் போன் திரையில் சிரிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால், முகம் பழகுவது வேறு, ஊர் பழகுவது வேறு. தெருவில் சேர்ந்து விளையாட ஒரு நண்பனை வீடியோ கால் தராது. அதைவிட முக்கியம், பெற்றோருக்கு ஊர் திரும்புவதாகத் தெரியும் அதே பயணம், பிள்ளைக்குத் தன் ஊரை விட்டுக் கிளம்புவதாக இருக்கலாம்.

மிஷனரி வீடோ, ஐ.டி வேலை வீடோ, அடுத்தமுறை அப்படி ஒரு குட்டி உங்க வீட்டுக்கு வந்தால், "இந்த ஊர் பிடிச்சிருக்கா, அந்த ஊர் பிடிச்சிருக்கா?" என்று கேட்காதீங்க. எதைச் சொன்னாலும் யாராவது ஒருத்தர் மனசு நோகும் என்று அதற்குத் தெரியும். "அங்கே உன் பெஸ்ட் ஃப்ரெண்ட் யாரு?" என்று கேட்டுப் பாருங்க. அப்புறம் பாருங்க, வாய் ஓயாது!