வரிசையில் நிற்கும் நேரமும் வேலை நேரமே

அரவைப் பருவம் வந்துவிட்டால், கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தல் வட்டாரத்தில், கச்சிராயபாளையத்துக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நோக்கிக் கரும்பு லாரிகளும் டிராக்டர் டிரெய்லர்களும் சாரிசாரியாகச் செல்வதும், எடைமேடையில் தத்தம் முறை வரும்வரை காத்து நிற்பதும் ஆண்டுதோறும் நாம் காணும் காட்சியாகும். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு இருக்கையிலேயே சாய்ந்த ஓட்டுநர், முன்வண்டி நகர்ந்ததும் விழித்து, இரண்டு வண்டி நீளம் ஓட்டி நிறுத்திவிட்டு மறுபடி சாய்கிறார். நடைக் கணக்கில் கூலி பெறுபவராதலின், சுமை இறங்கியதும் அந்த அரை நித்திரையோடே அடுத்த நடைக்குப் புறப்படுகிறார். பின்னர் விபத்து நேர்ந்தால், அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டினார் என்று எழுதப்படுகிறதேயன்றி, அவர் எத்தனை மணி நேரம் கண்விழித்திருந்தார் என்று விசாரிப்பார் அரிது.

நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வரம்பு கட்டிற்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆம் பிரிவும் அதனையே ஏற்றது. ஆயினும், வேலையின்றி வண்டியருகே இருந்தாக வேண்டிய நேரத்தை ஓய்வாகக் கருதும் சந்தர்ப்பங்களை மாநில அரசு வகுக்கலாமென்று அப்பிரிவே இடந்தருகிறது. நகரும் வரிசையில் கழியும் இரவை ஓய்வென்று கொள்வது அநியாயம் என்பதே என் திடமான அபிப்பிராயம். மேலும், பழைய சட்டம் 5 தொழிலாளர் உள்ள நிறுவனங்களையேனும் தொட்டது. அதனை உள்ளடக்கிய 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்போ அவ்வெண்ணை 10 ஆக்கிவிட்டமையால், ஓரிரு லாரி வைத்திருப்பவரிடம் வேலை பார்க்கும் ஓட்டுநர் அதன் நிழலுக்கே வர இயலாது.

மேற்பார்வைக்கு வழியில்லை என்று அரசு சொல்வதற்கில்லை. சாலையில் நின்று ஒவ்வொரு வண்டியாக மறிப்பதைவிட ஆலை வாசலில் பார்ப்பது எளிது. அங்கே எல்லா வண்டியும் எடைபோடப்பட்டே உள்ளே செல்கிறது. கூட்டுறவு ஆலைகளின் நிர்வாகமோ சர்க்கரைத் துறையின் மேற்பார்வையில் நடப்பது. கரும்பு வெட்டு உத்தரவு தரும் ஆலையினரே, வண்டி வந்த நேரம், வெளியேறிய நேரம், ஓட்டுநர் பெயர் மூன்றையும் பதிந்து, வட்டாரப் போக்குவரத்து அதிகாரிக்கு நாள்தோறும் அனுப்புதல் பெருஞ்செலவான காரியமன்று. அதிகபாரமும், பின்விளக்கற்ற டிரெய்லரும் அவ்வாசலிலேயே அகப்படும்.

மாவட்ட ஆட்சியர், வரும் அரவைக்கு முன்பே ஆலை நிர்வாகத்தையும் லாரி உரிமையாளரையும் ஓட்டுநரையும் ஒருங்கே அழைத்து, வண்டிகளை வரிசைப்படுத்தும் டோக்கன் முறையை ஒழுங்குசெய்து, ஆலைக்கருகில் ஓட்டுநர் படுத்துறங்க ஓர் ஓய்வறை கட்ட உத்தரவிட வேண்டும்.