கணக்கு ஊழியருக்கும் தெரியட்டும்

நெய்க்காரப்பட்டி போன்ற ஊர்களிலிருந்து சென்னை, கோவை ஸ்டார்ட்அப்புகளுக்குப் போகும் பிள்ளைகள், சம்பளம் குறைந்தாலும் பங்கு கிடைக்கும் என்று நம்பிச் சேர்கிறார்கள். நிறுவனத்தின் கையிருப்புப் பணம் எத்தனை மாதம் தாங்கும், வேலையை விட்டால் அந்தப் பங்கு என்னவாகும் என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. 2021 செப்டம்பரில் மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸ் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானபோது, கையிலிருந்த பங்குகளால் ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். நல்ல செய்தி, ஊரெல்லாம் பரவியது. 2023 ஜனவரியில் கார் பழுதுபார்க்கும் ஸ்டார்ட்அப்பான கோமெக்கானிக்கின் நிறுவனர்களில் ஒருவர் கணக்கில் தவறு செய்ததை ஒப்புக்கொண்டதும், சுமார் 70 சதவீத ஊழியர்கள் வேலையிழந்ததும் அந்த அளவுக்குப் பரவவில்லை. முதலீட்டாளருக்குப் போகும் அறிக்கையை ஊழியருக்கும் காட்டினால் என்ன? ரகசியம் கசியும் என்பார்கள். ஆனால் பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் ஐந்தொகையைக் கட்டணம் செலுத்தி அரசு இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். வெளியாள் பார்க்கக்கூடியதை, இரவு பகலாக உழைப்பவரிடம் மறைப்பது அநியாயம். நிலைமை மோசமாவது மூன்று மாதம் முன்பே தெரிந்தால், கல்விக்கடன் தவணைக்காவது அந்தப் பிள்ளை வேறு வழி பார்க்கும்.