குளிர்நீர் தவமாகுமா?

தவக்காலம் நெருங்கும்போதெல்லாம் நம்மிடையே புதிய ஒறுத்தல் முறைகள் பேசப்படுவது வழக்கம். அண்மை ஆண்டுகளில் அவ்வாறு பேசப்படுவது குளிர்நீர்க் குளியல். அமெரிக்கக் கத்தோலிக்க ஆண்களிடையே தோன்றிய 'எக்சோடஸ் 90' என்னும் பயிற்சி, 90 நாள் வெந்நீரைத் துறந்து குளிர்நீரிலேயே குளிக்க வேண்டும் என்பதைத் தன் ஒழுங்குகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. அது உடலை அடக்கும், மனத்தை உறுதியாக்கும், நோயை விரட்டும். அதையே இறைவனுக்குப் பரித்தியாகமாக ஒப்புக்கொடுக்கலாம் என்கிறார்கள். கைப்பேசி வழியாக இப்பேச்சு நம் பங்குகளையும் எட்டத் தொடங்கிவிட்டது.

நன்முயற்சி எதையும் எள்ளுவது நம் நோக்கமன்று. ஆயினும், வந்ததை எல்லாம் ஆராயாமல் தவம் என்று ஏற்பதும் அறிவுடைமை ஆகாது. குடவாசலில் நின்றுகொண்டு இதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

சனவரியில் தொடங்கிப் பாஸ்கா விழாவரை நீளும் அப்பயிற்சி, பனி உறையும் நாட்டில் பிறந்தது. அங்கே குழாயைத் திறந்தால் எலும்பைக் குத்தும் நீர் வரும். நமக்கோ தவக்காலம் மாசி, பங்குனியில் வருகிறது. மேட்டூர் அணை மூடப்பட்டு, சோழசூடாமணி ஆற்றில் மணல் தெரியும் காலம் அது. அந்த வெயிலில் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வது ஒறுத்தலா, இன்பமா? நெஞ்சில் கைவைத்துச் சொல்வோம். மார்கழியிலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. நிலத்தடி நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்பதால், கிணற்று நீர் கோடையில் குளுமையாகவும் மார்கழி விடியலில் வெதுவெதுப்பாகவும் தோன்றுவதை நம் பாட்டிமார் நன்கறிவர். பவேரியாவின் தவத்தைக் குடவாசலில் செய்ய முயல்வது, இல்லாத குளிரை இருப்பதாக நடிப்பதில் முடியும்.

குளிர்நீர் உண்மையிலேயே துன்பமாக இருப்பவர்களும் இவ்வூரில் உண்டு. அடைமழை நாளில் முழங்கால் அளவு சேற்றில் குனிந்து நாற்று நடும் பெண்கள் எத்தனை தலைமுறையாக நாள் முழுதும் நீரில் நின்றிருக்கிறார்கள்! அதைத் தவம் என்று எவரும் அழைத்ததில்லை, அவர்களும் அழைத்துக்கொண்டதில்லை. அந்தத் தண்ணீர் அவர்களுக்குத் தந்தது புண்ணியம் அன்று, சேற்றுப்புண். ஏழைக்குக் கூலியாய் வாய்த்த துன்பத்தை, வசதியுள்ளவர் ஐந்து நிமிடம் சுவைத்துவிட்டு அதற்குத் தவம் என்று பெயர் சூட்டுவதில் ஏதோ பொருந்தாமை இருக்கிறது அல்லவா?

உடல்நலத்துக்கு நல்லதாயிற்றே என்பர் சிலர். நலம் இருக்கட்டும், ஆனால் அளவோடு பேசுவோம். 2016இல் நெதர்லாந்தில் 3,018 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு ஒன்று வெளியாயிற்று. குளியலின் இறுதியில் 30 முதல் 90 நொடி வரை குளிர்நீரில் நின்றவர்கள், நோயைக் காரணம் காட்டி வேலைக்கு விடுப்பெடுப்பது 29 விழுக்காடு குறைந்தது. ஆனால் அவர்கள் நோயுற்றிருந்த நாள்கள் குறையவில்லை. குளிர்நீர் ஊக்கம் தரலாம். நோயை ஒழிக்கும் என்று கூற இது சான்றாகாது. மிகக் குளிர்ந்த நீர் திடீரென மேலே பட்டால் மூச்சு திணறும். இரத்த அழுத்தம் உயரும். ஆகவே இதயநோய் உள்ளவர்கள் பக்தியின் பெயரால் பனிக்கட்டி நீரில் இறங்குவது அறிவன்று.

குளிர்நீரைப் புகழ்வோர் தவறாமல் எடுத்துக்காட்டுவது அருள்தந்தை செபஸ்தியான் நைப்பு அவர்களை. 1821இல் பவேரியாவில் பிறந்த அவர், மாணவராய் இருந்தபோது காசநோயால் நலிந்து, 1849இல் குளிர்ந்த தனுபு ஆற்றில் மூழ்கி எழுந்து நலம் பெற்றார். 1886இல் வெளியான அவருடைய நீர்ச் சிகிச்சை நூல் உலகெங்கும் பரவிற்று. ஆயினும் இருவற்றை நாம் மறக்கலாகாது. காலப்போக்கில் அவரே கடுமையைக் குறைத்து மென்மையான முறைகளுக்கு வந்தார். மேலும், அவர் தண்ணீரைத் தன் தவப்பெருமைக்காகப் பயன்படுத்தவில்லை. பிறர் நோய்க்கு மருந்தாகப் பயன்படுத்தினார். வோரிசோபன் ஊரில் 1893இல் நோயுற்ற குழந்தைகளுக்கென அவர் ஓர் இல்லமே திறந்தார்.

திருச்சபை மரபும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. தூய குத்பர்ட் இரவில் கடல்நீரில் நின்று செபித்தார் என்பர். தூய பெனடிக்ட் தம் ஒழுங்குமுறையில், நோயுற்றோர்க்கு வேண்டும்போதெல்லாம் குளியல் அளிக்கவும், நலமுள்ளோர்க்கு, சிறப்பாக இளையோர்க்கு, அரிதாகவே இசைவு தரவும் பணித்தார். ஒருவர் குளிர்நீரில் நின்று தவம் செய்தார்; மற்றவர் குளியலைக் குறைப்பதையே தவமாக்கினார். எனவே தண்ணீரின் வெப்ப அளவில் புனிதம் இல்லை என்பது தெளிவு.

இனி நம் வரலாற்றுக்கு வருவோம். நீராட்டைச் சமயச் செயலாகக் கொள்வது தமிழ்க் கத்தோலிக்கருக்குப் புதிதன்று. உரோமை வரை சென்ற வழக்கு அது. 1606இல் மதுரை வந்த இராபர்ட் தெ நோபிலி, இந்நாட்டுத் துறவியரைப் போல வாழத் தொடங்கியபோது, நீராட்டையும் இந்நாட்டு முறையிலேயே கைக்கொண்டார். எதிர்ப்பு எழுந்தது. 1623 சனவரி 31இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி தீர்ப்பளித்தார். பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகியவற்றை மூடநம்பிக்கை கலவாமல் கைக்கொள்ளலாம் என்பது அத்தீர்ப்பு. இதைப் பலர் அறிவர். அதே ஆணையில் திருத்தந்தை உயர்குடியினரை நோக்கி, தாழ்ந்த நிலையினரை இகழாதீர், சிறப்பாகக் கோவிலில் அவர்களை விட்டு ஒதுங்காதீர் என்று உருக்கமாக வேண்டிக்கொண்டதை எத்தனை பேர் அறிவர்?

81 ஆண்டுகள் கழிந்தன. 1704 சூன் 23இல் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் மற்றோர் ஆணை பிறப்பித்தார். பிற சமயத்தாரின் சடங்கு முறையில், அவர்கள் குறித்த நேரங்களில் நீராடுவதை அது தடுத்தது. அதே ஆணை, நோயுற்ற பறையர் இல்லங்களுக்குச் சென்று திருவருட்சாதனங்களை வழங்க மறைப்பணியாளர் மறுக்கலாகாது என்றும் கட்டளையிட்டது. ஓர் ஆணை நீராட்டுக்கு இசைவு தந்தது. மற்றது தடை விதித்தது. முடிவில் அவை வேறுபட்டாலும் ஒன்றில் ஒத்தன: தமிழர் நீராட்டைப் பற்றிப் பேசிய இரண்டு ஆணைகளும் ஒதுக்கப்பட்டோரைப் பற்றியும் பேசின.

ஏன்? இம்மண்ணில் நீராட்டு என்பது உடலின் அழுக்கை மட்டும் கழுவவில்லை; பிறர் தொட்டதால் வந்ததாகச் சொல்லப்பட்ட தீட்டையும் கழுவியது. நீராடித் தூய்மையானவர், நீராடியும் தூய்மையாகாதவர் என்று மனிதரைப் பிரித்தது. படித்துறைகள் அதற்கேற்பப் பிரிந்தன. ஆற்றில் ஓடுவது ஒரே தண்ணீர். இறங்கும் படி மட்டும் வேறு. 1927 மார்ச்சு 20இல் மராட்டியத்தின் மகாடு நகரில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களோடு சவ்தார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். பின்னர் அந்தக் குளத்தையே சாணமும் கோமியமும் ஊற்றித் 'தூய்மை' செய்தார்கள். தண்ணீரையே குளிப்பாட்டிய கொடுமை அது!

நாம் மட்டும் தப்பியவரா? 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இவ்வழக்கை முடித்துவைத்தபோது, பறையர்க்கெனத் தனி மறைப்பணியாளரை ஏற்படுத்தும் சமரசமும் உடன் வந்தது. ஒரே மறை, இரண்டு வாசல். அந்த மனப்பாங்கின் எச்சம் கல்லறைத் தோட்டங்களில் சுவராகவும், தேர்பவனியில் தெருக்கணக்காகவும் நம்மைத் தொடர்ந்தது. திருச்சபைக்குள்ளும் சாதிப் பாகுபாடு நிலவுவதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது.

இந்த மண்ணில் நின்றுகொண்டு நீராட்டை மீண்டும் ஆன்மிகமாக்க முனைவோர் ஒன்றை நினைக்க வேண்டும். கிறிஸ்தவருக்கு மீட்பளிக்கும் முழுக்கு ஒன்றே. அது ஒருமுறை நிகழ்ந்துவிட்டது. அதன் பெயரே திருமுழுக்கு. அந்தத் தொட்டியில் வெந்நீர் இருந்ததா, குளிர்நீர் இருந்ததா என்று எவரும் கேட்பதில்லை. அதே தொட்டியில் யார் வீட்டுப் பிள்ளைகள் முழுக்குப் பெற்றார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும். ஒரே தொட்டி நீரில் பிறந்தவர்கள், ஒரே குழாயடியில் நிற்கக் கூசினால், ஆயிரம் முறை குளித்தும் என்ன பயன்?

பெரிய வியாழன் வழிபாட்டில் திருச்சபை தண்ணீரை எடுப்பது யாருடைய தலைக்கு? பிறர் காலுக்கு. நற்செய்தியில் ஆண்டவர் குளிர்ந்த நீரைப் பற்றிப் பேசுகிறார். அதைத் தம் மேல் ஊற்றிக்கொள்வோருக்கு அவர் கைம்மாறு உறுதி கூறவில்லை. சிறியோருள் ஒருவருக்கு ஒரு கிண்ணம் குளிர்ந்த நீர் கொடுப்பவருக்கே உறுதி கூறுகிறார். குளிர்நீர்த் தவத்துக்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் வேறென்ன வேண்டும்?

ஆகவே, குளிர்நீரில் குளிக்க விரும்புவோர் குளிக்கட்டும். சோம்பல் நீங்கும், செபத்துக்கு விடியலில் எழ உதவும், விறகும் மின்சாரமும் மிஞ்சும். அதைத் தவம் என்று அழைக்க விரும்பினால், வாளி நம் தலையோடு நின்றுவிடக் கூடாது. பங்குனி வெயிலில் சாலையோரம் ஒரு தண்ணீர்ப் பந்தல் வைப்போம். அதில் யார் குவளை, யார் கை என்று பாராமல் நீர் வார்ப்போம். குடியிருப்பின் கடைசித் தெருவுக்குக் குடிநீர் வந்து சேர்கிறதா என்று ஊராட்சியிடம் கேட்போம். தூர்ந்த குளத்தில் எல்லாத் தெருவினரும் சேர்ந்து மண்வெட்டி பிடிப்போம். தூர் வாரிய பின் எல்லாரும் ஒரே படியில் இறங்குவோம்.

அந்தப் படியில் இறங்க நமக்குத் தயக்கம் வருமானால், நாம் துறக்க வேண்டியது வெந்நீரை அன்று, அந்தத் தயக்கத்தை.