மணிகுயிற்றுநர் எங்கே?

செருமானிய நாட்டின் இடார்-ஓபர்சுட்டைன், மணிக்கல் தீட்டுதலால் உலகறிந்த சிற்றூர். அதன் குன்றுகளிற் கிடைத்த அகேட்டுக் கற்கள் 19ஆம் நூற்றாண்டில் அருகிப்போயின. தொழிலோ அழியவில்லை. பிழைப்புத் தேடிப் பிரேசிலுக்குச் சென்ற அவ்வூரார் அங்கிருந்து கற்களைத் தாயகத்திற்கு அனுப்பினர். வந்தது அயற்கல், தீட்டியது ஊர்க்கை.

அவ்வட்டாரத்துப் பெர்ண்டு மூன்சுட்டைனர் (1943–2024), பட்டைகளை ஒழுங்காக அடுக்கும் பழைய முறையை விடுத்தார். கல்லின் பின்புறத்தே ஆழ்ந்த பள்ளவரிகளை வெட்டி, ஒளியைக் கல்லுக்குள்ளேயே திருப்பித் திருப்பி ஓடவிட்டார். பிரேசிலின் கடல்நீலக் கல்லொன்றை நான்கு திங்கள் ஆய்ந்து, ஆறு திங்கள் வெட்டி, 35 செ.மீ. உயரக் கூர்ந்தூணாக்கினார். 10,363 காரட்டு எடையுள்ள அம்மணி 2012இல் வாசிங்டன் சுமித்சோனியன் அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

அது பெரில் இனக் கல். அவ்வினக் கல்லை ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே தீட்டித் துளையிட்டவன் கொங்குத் தமிழன்! நொய்யற்கரைக் கொடுமணலில் 1985இல் தொடங்கிய அகழாய்வுகளிற் பெரிலும் நீலமும் படிகமும் சூதுபவளமும் வெளிப்பட்டன. தீட்டாத கல், அரைகுறையாய்த் தீட்டியது, துளையிடாதது, துளையிட்டது என வேலையின் படிநிலை ஒவ்வொன்றும் அங்கே கிடைத்தது. பெரிலுக்கு அயல்நாடு போகவேண்டியதில்லை. காங்கயத்தை அடுத்த படியூரிலேயே அது விளைந்தது. கொடுமணத்து அணிகலன்களைப் பதிற்றுப்பத்து போற்றுகிறது. மணித்தொழில் செய்வோர்க்குக் குயிற்றுநர் என்னும் தூய தமிழ்ப்பெயரைச் சிலப்பதிகாரம் காத்துவைத்துள்ளது.

அக்கையின் வழிவந்தோர் நிலை என்ன? திருச்சிராப்பள்ளி வட்டாரத்திற் செயற்கைக் கற்களைப் பட்டைதீட்டிப் பிழைத்த குடும்பங்கள் பல. கல்லுக்கு இவ்வளவு என்று எண்ணித் தந்த கூலியே அவர்கள் கண்டது. அயல்நாட்டு எந்திர வெட்டு வந்து மலிவாய்க் குவிந்ததும் சாணைகள் நின்றன. எந்திரம் செய்வதையே கையாற் செய்தவன் எந்திரத்திடம் தோற்பான். எந்திரம் எண்ணாததை எண்ணிச் செய்ய அவனுக்கு எவரும் கற்றுத்தரவில்லை.

வாங்குவோனும் குற்றவாளியே. கணியன் சொன்ன ஓரைக்குரிய கல்லா, எடை சரியா என்றுதான் அவன் கேட்கிறான். வெட்டின் அழகை அவன் பார்ப்பதேயில்லை. பார்க்காத கண்ணுக்காக எந்தக் கை புதிது படைக்கும்? படியூர்க் கல்லை வாயார 'வைடூரியம்' என்றழைத்து விரலில் மாட்டிக்கொள்கிறவனுக்குக் கொடுமணல் எத்திசையில் உள்ளதென்று தெரியாது.

தமிழக அரசு செய்யத்தக்கது பெரிதன்று. திருச்சியிலும் காங்கயத்திலும் மணித்தொழிற் பள்ளிகள் வேண்டும். அங்கே வரைகலையும் ஒளியியலும் தமிழிற் கற்பிக்கப்பட வேண்டும். சாணை பிடித்துக் காய்த்துப்போன கைகளையுடைய முதியோரே அங்கு ஆசிரியராக அமர வேண்டும். அம்முதியோரும் ஆண்டுக்காண்டு குறைந்துவருகின்றனர்.