ரேஸ் ரிங்கும் ரோட்டு எஞ்சினும்

அமெரிக்காவில் பழைய கார் பைத்தியம் பிடித்த பையன்களுக்கு ஒரு கனவு உண்டு. அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய ஷெவர்லே, உள்ளே 350 எஞ்சின். அதைக் கழற்றி, போர் போட்டு, கொஞ்சம் கூடுதல் சக்தியோடு திரும்பக் கட்டி, அதே வண்டியில் தினமும் வேலைக்கும் போய் வரவேண்டும். ஆசையில் தப்பே இல்லை. இந்த விளையாட்டுக்கு 350 மாதிரி தோதான எஞ்சின் குறைவு. 1967-ல் கமாரோவில் வந்தது. எட்டு சிலிண்டர், ஒவ்வொன்றும் 4 அங்குல விட்டம், 3.48 அங்குல ஸ்ட்ரோக். உதிரி பாகங்களுக்குப் பஞ்சமே இல்லை.

தப்பு பிஸ்டன் ரிங் வாங்கும்போது ஆரம்பிக்கிறது. பையன் நேராக "ரேஸ்" என்று போட்ட பக்கத்தைத் திறந்து, சாதாரண செட்டைவிடப் பல மடங்கு விலையில் ஒன்றை ஆர்டர் செய்கிறான். ஆறு மாதத்தில் வண்டி நீலப் புகை கக்குகிறது. சேர்த்து வைத்த பணம் போச்சு. எஞ்சினைத் திரும்பவும் இறக்க வேண்டும்.

ரிங் என்பது குக்கர் கேஸ்கட் மாதிரி என்று சொன்னால் பாதிதான் சரி. நீராவி எஞ்சின் காலத்தில், 1850-களில், ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கிலேய எஞ்சினியர் ஓரிடத்தில் வெட்டுவிட்ட, தானே விரிந்து சுவரை அழுத்தும் உலோக வளையத்தைக் கொண்டுவந்தார். இன்று வரை அடிப்படை அதுதான். ஒரு பிஸ்டனில் மூன்று வரிசை. மேல் ரிங் எரியும் வாயுவை அடைக்கிறது, பிஸ்டனின் சூட்டைச் சிலிண்டர் சுவருக்குக் கடத்துகிறது. நடு ரிங் பாதிக்கு மேல் ஆயில் வழிக்கும் வேலைதான் செய்கிறது. கீழே மூன்று துண்டாக இருப்பது ஆயில் ரிங்.

இதில் ரேஸ் செட் விற்பவர்கள் சொல்லும் முதல் வாதம் உண்மைதான், அதை மறுக்கக் கூடாது. வெடிப்பு நேரத்தில் மேல் ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த ஸ்ப்ரிங் இழுவிசை இல்லை. வாயு ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதைத் தள்ளுகிறது. ஆகவே இழுவிசையைக் குறைத்தாலும் அடைப்பு கெடாது, உராய்வு குறையும், டைனோவில் சில குதிரைகள் கூடும். கூடட்டும். ஆனால் ரிங் செட்டின் மொத்த இழுவிசையில் பெரும்பங்கு ஆயில் ரிங்கினுடையது. "லோ டென்ஷன்" என்று விற்கும்போது முக்கியமாகக் குறைக்கப்படுவது அதுதான். ஆயில் ரிங்குக்குப் பின்னால் தள்ளிக்கொடுக்க எந்த வாயுவும் வராது. பாவம், அதற்கு இருப்பது அதன் சொந்த பலம் மட்டும்.

இப்போது ரோட்டை யோசியுங்கள். தெருவில் ஓடும் வண்டியின் த்ராட்டில் பெரும்பாலான நேரம் முக்கால்வாசி மூடியே கிடக்கும். சிக்னலில் நிற்கும்போது, நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது, இறக்கத்தில் காலை எடுக்கும்போது. எஞ்சின் காற்றை உறிஞ்சப் பார்க்கிறது, கதவு சாத்தியிருக்கிறது. நல்ல நிலையில் உள்ள, கம்பெனி கேம் போட்ட 350, ஐடிலில் 15 முதல் 20 அங்குலம் வரை பாதரச அளவில் வெற்றிடம் காட்டும். வேகத்தில் போய்க்கொண்டே த்ராட்டிலை மூடினால் அதற்கும் மேல் போகும். வெளிக்காற்றின் முழு அழுத்தமே 30 அங்குலம்தான். அதாவது காற்றை இழுக்கும் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு மேலே பாதி அழுத்தமோ அதற்கும் குறைவோ, கீழே க்ராங்க்கேஸில் ஏறக்குறைய முழு அழுத்தம். ஆயில் எந்தப் பக்கம் ஓடும்? ஸ்ட்ரா போட்டு இளநீர் குடித்தவர் யாருக்கும் இதற்கு விடை தெரியும்.

ரேஸ் எஞ்சினின் வாழ்க்கையே வேறு. த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்கும், மேலே வெற்றிடம் கிட்டத்தட்ட இல்லை. லோ டென்ஷன் ரிங் போட்டவர்களில் பலர் பெல்ட்டில் ஓடும் வாக்குவம் பம்ப் வைத்து க்ராங்க்கேஸையே கீழிருந்து உறிஞ்சுகிறார்கள். போதாததற்கு அந்த எஞ்சினை அடிக்கடி பிரித்துப் பார்க்கிறார்கள், ரிங் மாற்றுகிறார்கள். பம்ப்பும் இல்லாமல், பிரிக்கவும் போகாமல், அந்த ரிங்கை மட்டும் கடன் வாங்கி வந்து ஆபீசுக்குப் போகும் காரில் போடுவது, கிரிக்கெட் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டுவது மாதிரி. இரண்டும் ஹெல்மெட்தான், ஆனால்...

ஆயிரம் மைலுக்கு ஒரு குவார்ட் ஆயில் குடித்தால்கூட, வருடம் 10,000 மைல் ஓடும் வண்டிக்கு 10 குவார்ட், சுமார் ஒன்பதரை லிட்டர். அதன் செலவு ஓட்டுகிறவன் பாடு. புகையை மூச்சில் வாங்குவது பின்னால் வரும் வண்டிக்காரன். அமெரிக்கக் கார்களில் 1975 மாடலிலிருந்து பரவலாக வந்த கேட்டலிடிக் கன்வர்ட்டர் உள்ள வண்டி என்றால் இன்னும் மோசம். ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்க வைக்கும். (புகைக்கெல்லாம் ரிங்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வால்வ் சீல் தேய்ந்தாலும் இதே நீலப் புகைதான். முதலில் அதைப் பாருங்கள், மலிவு.)

"இன்றைய புதுக் கார்களில் எல்லாம் லோ டென்ஷன்தானே?" இதுதான் எதிர்க்கட்சியின் பெரிய அஸ்திரம். ஆமாம். 1997-ல் கார்வெட்டில் வந்த எல்எஸ்1 எஞ்சினிலேயே ரிங்குகள் 1.5, 1.5, 3 மில்லிமீட்டர் என்று மெலிந்துவிட்டன. பழைய 350-ல் முதல் இரண்டும் 5/64 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர், ஆயில் ரிங் 3/16 அங்குலம். மெல்லிய ரிங் சுவரின் கோணலுக்கு நன்றாக வளைந்துகொடுக்கும், அதனால் குறைந்த இழுவிசையே போதும். ஆனால் தொழிற்சாலையில் அந்தச் சுவரும் அந்த ரிங்குக்காகவே திட்டமிட்டுத் தீட்டப்பட்டது. ஐம்பது வருடப் பழைய ப்ளாக்குக்கு அந்த யோகம் தானாக வராது. அத்தனை வசதி உள்ள கம்பெனிகளே சறுக்கியிருக்கின்றன. டொயோட்டாவின் 2ஏஇசட்-எஃப்இ எஞ்சின் போட்ட 2007-க்குப் பிந்தைய பல கேம்ரிகள் ஆயில் குடிக்கப்போய், உத்தரவாதத்தை நீட்டித்து பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றித் தரவேண்டி வந்தது.

அடுத்து, "கேப்லெஸ்" என்று விற்கப்படும் வெட்டில்லா நடு ரிங். நிறுத்திவைத்த எஞ்சினில் காற்றடித்து லீக் சோதனை செய்தால் எண் ஜோராக வரும், போட்டோ எடுத்துக் காட்டலாம். ஓடும் எஞ்சினில் கதை வேறு. மேல் ரிங்கைத் தாண்டிக் கசிந்த வாயு இரண்டு ரிங்குக்கும் நடுவில் வெளியேற வழியில்லாமல் சேரும். அதிக ஆர்பிஎம்மில் அது மேல் ரிங்கை அதன் இருக்கையிலிருந்து கிளப்பிவிடலாம். அதனால்தான் அனுபவசாலிகள் நடு ரிங்கின் இடைவெளியை வேண்டுமென்றே மேல் ரிங்கைவிடக் கொஞ்சம் பெரிதாக வைக்கிறார்கள். மூட வேண்டிய கதவு, திறந்து வைக்க வேண்டிய கதவு என்று இரண்டு உண்டு. இது இரண்டாவது வகை.

அப்படியென்றால் எதை வாங்குவது? சுவாரசியமே இல்லாத பதில்: டக்டைல் இரும்பில் மோலி பூசிய மேல் ரிங், சாய்முகம் அல்லது கொக்கி முகம் கொண்ட வார்ப்பிரும்பு நடு ரிங், ஸ்டாண்டர்ட் டென்ஷன் ஆயில் ரிங். சாதா வார்ப்பிரும்பு மேல் ரிங் டெட்டனேஷன் அடித்தால் உடையும், டக்டைல் தாங்கும். மோலி பூச்சில் உள்ள நுண்துளைகள் ஆயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சுவரோடு சீக்கிரம் பழகும். மண் ரோட்டில், தூசியில் அதிகம் ஓடும் வண்டி என்றால் மட்டும் குரோம். அது பழக நாளாகும், ஆனால் தூசிக்கு அசராது. புது பிஸ்டன் வாங்குவதானால் மேலே இரண்டும் 1/16 அங்குலம் என்று ஒரு படி மெலிந்ததை எடுக்கலாம், அதில் சண்டையே இல்லை. பழைய பிஸ்டனையே போடுவதானால் பள்ளங்கள் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்த பள்ளத்தில் தங்க ரிங் போட்டாலும் ஆடும்.

மிச்சமாகும் பணம் போக வேண்டிய இடம் ஹோனிங். ஹெட்டை வைத்து போல்ட்டை முறுக்கும்போது சிலிண்டர் லேசாக நெளிகிறது, கண்ணுக்குத் தெரியாது, ரிங்குக்குத் தெரியும். அதனால் ஹெட் இருக்கும் இடத்தில் கனமான டார்க் ப்ளேட்டை முறுக்கிவைத்து ஹோன் செய்யச் சொல்ல வேண்டும். இதற்குக் கூடுதலாகக் காசு கேட்பார்கள், கொடுங்கள். வட்டமில்லாத சிலிண்டரில் எந்த ரிங்காலும் ஒன்றும் செய்ய முடியாது. ரேஸ் ரிங்குக்குச் செலவழித்துவிட்டு, ஹோனிங்குக்கு ட்ரில் மெஷினில் மாட்டும் பிரஷ்ஷோடு வீட்டிலேயே உட்காருகிறவர்களை என்ன சொல்வது!

இடைவெளியையும் பெட்டியில் வந்தபடியே நம்ப வேண்டாம். ஒவ்வொரு ரிங்கையும் அது போகப்போகும் சிலிண்டரிலேயே வைத்து ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். டர்போ, நைட்ரஸ் இல்லாத ரோட்டு எஞ்சினுக்கு, விட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் மேல் ரிங்குக்கு 0.004 அங்குலம் என்பது பழகிய கணக்கு. 4 அங்குலத்துக்கு 0.016. நடு ரிங்குக்கு 0.018 முதல் 0.020. குறைவாக விட்டால் சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டு சுவரைக் கீறும், பிஸ்டனையே உடைக்கும். கொஞ்சம் அதிகமானால் அவ்வளவு பாதகமில்லை. ரிங்கில் புள்ளி இருந்தால் அது மேல்பக்கம் பார்க்க வேண்டும்.

ஹோன் முடிந்த சிலிண்டரைப் பெட்ரோலில் கழுவாதீர்கள். பெட்ரோல் ஆயிலைக் கொண்டுபோய்விட்டு, கல்தூளைக் கீறல்களுக்குள்ளேயே விட்டுவிடும். அந்தத் தூள் புது ரிங்கை அரம் மாதிரி தின்னும். வெந்நீர், சோப்பு, பிரஷ். வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், துணி வெள்ளையாகவே வரும்வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள். துரு பிடிக்கும் முன் உடனே ஆயில் தடவிவிடுங்கள்.