தொற்றை எண்ணுகிறீர்களா என்று கேளுங்கள்

"இங்கே வந்த பிறகுதான் காய்ச்சல் வந்தது" என்று தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உறவினர் கூறும்போது மருத்துவர்களாகிய நாங்கள் சற்றே தடுமாறுகிறோம். பல வேளைகளில் அவர் கூறுவது உண்மை. சேரும்போது உடலில் இல்லாமல், பெரும்பாலும் 48 மணி நேரம் கடந்தபின் தோன்றுவதையே மருத்துவமனைத் தொற்று என்கிறோம். அதை மறைப்பதால் பயனில்லை, எண்ண வேண்டும்.

கழுத்து வழியே பெரிய இரத்தக் குழாயினுள் செலுத்தும் குழாய், நோயாளிகளின் உடலில் இருந்த நாள்களை எல்லாம் கூட்டி, 1000 நாளுக்கு எத்தனை இரத்தத் தொற்று என்று கணக்கிடுகிறோம். 2017 மே முதல் 2018 அக்டோபர் வரை இந்தியாவின் 26 மருத்துவமனைகள் இவ்வாறு ஒரே முறையில் எண்ணின. 89 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2622 இரத்தத் தொற்றுகளும் 737 சிறுநீர்த் தொற்றுகளும் பதிவாயின. குழாய்வழி இரத்தத் தொற்று பச்சிளங் குழந்தைகளின் பிரிவுகளில்தான் மிகுதி. 1000 நாளுக்கு 20க்கும் மேல். இரத்தத் தொற்றுக் கிருமிகளுள் முதலிடம் கிளெப்சியெல்லாவுக்கு. அதில் 72 விழுக்காடு, வலிமை மிக்க கார்பபெனம் மருந்துகளுக்கே அடங்கவில்லை.

அதன்பின் எஞ்சும் மருந்துகள் சில. சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய கொலிஸ்டின் அவற்றுள் ஒன்று. நாமக்கல் கோழிப்பண்ணையாளர்களுக்கு இப்பெயர் புதிதாக இராது. கோழி உள்ளிட்ட உணவுக்கான விலங்குகளுக்கு இதைப் பயன்படுத்துவதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. பண்ணையாளரை மட்டும் குறை கூறோம். சாதாரணச் சளிக்கும் ஆன்டிபயாடிக் எழுதிய கைகள் எங்களுடையவை.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு நடத்தும் மருத்துவமனை எதுவாயினும், அரசோ தனியாரோ, தன் விகிதத்தை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது எங்கள் கருத்து. இதற்குத் தடையாக இருப்பது அச்சமே. கூர்ந்து தேடுபவரின் எண் உயர்ந்து தெரியும். இரத்தக் கல்ச்சர் அனுப்பாத இடத்தில் தொற்றே இல்லாததுபோல் தோன்றும். ஆகவே, எண்ணைக் கூறும் மருத்துவமனையைக் குற்றவாளியாகப் பார்க்காதீர்கள். 'எங்களிடம் தொற்றே கிடையாது' என்பவரிடம், எவ்வாறு கணக்கிட்டீர்கள் என்று கேளுங்கள்.

உள்ளே படுத்திருப்பவருக்காக நீங்கள் கேட்க வேண்டியது வேறொன்றும் உண்டு. "இந்தக் குழாய் இன்றும் தேவையா?" என்று நாள்தோறும் காலையில் கேளுங்கள். தேவை முடிந்த சிறுநீர்க் குழாயை ஒரு நாள் முன்னதாக எடுத்தாலும் தொற்றுக்கான வாய்ப்பு குறையும். கைகளைத் தூய்மை செய்யாமல் நாங்கள் நோயாளியைத் தொட வந்தால் தயங்காமல் நினைவூட்டுங்கள். சினம் கொள்ள மாட்டோம். கொண்டால் செவிலியர் கண்காணிப்பாளரிடம் கூறுங்கள்.