மோட்டார் சைக்கிளும் எலுமிச்சம் பழமும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு சுமார் 50 கிலோமீட்டர். இந்த 50 கிலோமீட்டரைக் காலையில் ஒரு தடவையும், மாலையிலோ நடு இரவிலோ ஒரு தடவையுமாக, ஆக நாள் ஒன்றுக்கு 100 கிலோமீட்டரை ஒரு சிறு டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளின் மேல் உட்கார்ந்து கொண்டு வயிற்றுப் பிழைப்புக்காகப் போய் வருகின்றவர்களில் நாமும் ஒருவராயிருந்து வருகின்றோம். ஆகவே இதைப்பற்றி நாம் எழுதுவது ஏதோ புத்தகத்தைப் பார்த்து எழுதுவதாகாது. குளிர் காலத்தில் விரல் மரத்துப் போய், சூளகிரிக்குப் பக்கம் மேடு ஏறும்போது மூன்றாவது கியருக்கு இறங்கி, பின்னால் வருகின்ற லாரிக்காரன் அடிக்கின்ற ஆரனில் காது செவிடாகி அறிந்து கொண்டதையே எழுதுகின்றோம்.

இப்படித் தினமும் போகின்றவர்கள் யார் என்றால், பெரும்பாலும் காண்டிராக்டுக் கூலிக்காரர்களேயாவார்கள். நிரந்தர உத்தியோகஸ்தருக்குக் கம்பெனி பஸ் வீட்டுக்குப் பக்கம் வந்து நிற்கும். காண்டிராக்டுக்காரன் பாடு அப்படியல்ல. அவன் ஓசூரில் குடியிருக்கலாமென்றால் வாங்குகின்ற சம்பளத்தில் பாதி வாடகைக்கே போய் விடும். ஊரில் சொந்தக் குடிசையாவது இருக்கின்றது. எனவே வாடகைக்குக் கொடுக்க வேண்டியதைப் பெட்ரோலுக்குக் கொடுத்துக் கொண்டு, தூக்கத்தில் மூன்று மணி நேரத்தை ரோட்டுக்குக் கொடுத்து வருகின்றான். "வேலை கொடுத்தோம்" என்று பெருமை பேசுகின்றவர்கள், வேலைக்கு வந்து சேருகின்ற செலவும் அபாயமும் யார் தலையில் விழுகின்றது என்பதைப் பற்றி வாய் திறப்பதே இல்லை.

என்றாலும் இந்தச் சிறு வண்டியை நாம் இழிவாய்ப் பேச மாட்டோம். சைக்கிளில் ஏறிக் கொண்டு மேல்சாதியார் தெருவில் போகக்கூடாது, இறங்கித் தள்ளிக் கொண்டுதான் போக வேண்டும் என்று கட்டுப்பாடு செய்திருந்த ஊர்கள் நம் நாட்டில் எத்தனையோ இருந்தன. இன்றைக்கும் வண்டியில் போன குற்றத்துக்காக அடிபட்ட வாலிபர்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்துக் கொண்டுதான் இருக்கின்றோம். ஊர்ப் பண்ணையாரின் நிலத்தில் அவர் கொடுத்ததை வாங்கிக் கொண்டு அவர் வைத வசவைக் கேட்டுக் கொண்டிருந்தவனுடைய மகன், 50 கிலோமீட்டருக்கு அப்பால் போய் வேலை செய்து சாயந்திரம் சட்டைப் பையில் தன் காசோடு திரும்பி வரும்படி செய்தது எது? எந்தத் தேர்த் திருவிழாவும் அல்ல, எந்த மகானின் உபதேசமும் அல்ல. பழைய விலைக்கு வாங்கிய ஒரு மொபெட்டோ மோட்டார் சைக்கிளோதான். 50 சி.சி. டி.வி.எஸ். மொபெட்டு 1980-ல் இதே ஓசூரில் செய்து வெளிவந்ததாகும். அதன் பிறகு தமிழ்நாட்டில் அது சுமக்காத மூட்டை இல்லை என்றே சொல்லலாம்.

நிற்க, இவ்வளவு உபகாரமான யந்திரத்தின் மேல் ஏறி உட்காருகின்ற மனிதனின் மூளை மாத்திரம் மாட்டு வண்டிக் காலத்திலேயே நின்று போயிருப்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

பஞ்சாங்கத்தில் சூலம் என்று ஒன்று போட்டிருக்கின்றார்களே, அதைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். திங்களும் சனியும் கிழக்கே சூலம். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். வியாழன் தெற்கு. வெள்ளியும் ஞாயிறும் மேற்கு. கிருஷ்ணகிரிக்கு ஓசூர் வடமேற்கில் இருக்கின்றது. ஆகவே செவ்வாய், புதன், வெள்ளி, ஞாயிறு ஆகிய நான்கு நாளும் வேலைக்குப் போகக் கூடாது. போனால் சூலம் குத்தும். மற்ற மூன்று நாளும் போகலாம், ஆனால் தென்கிழக்கே வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது. வாரத்தில் ஏழு நாளும் இப்படி ஒன்று போவது தப்பு, அல்லது வருவது தப்பு. இதுவும் போதாதென்று திங்கட்கிழமை காலை 7½ மணி முதல் 9 மணி வரைக்கும் ராகுகாலம். 8 மணி ஷிப்டுக்குக் கேட்டில் நுழைகின்றவன் எல்லாம் ராகுவின் வாயில்தான் நுழைந்தாக வேண்டும். இந்தச் சாஸ்திரம் உண்மையாயிருந்தால் இந்த ரோட்டில் இன்றைக்கு ஒருவனாவது உயிரோடு இருக்கக் கூடுமா என்று கேட்கின்றோம். வெல்லமும் தயிரும் தின்றுவிட்டுக் கிளம்பினால் சூலம் ஒன்றும் செய்யாதாம்! குத்த வருகின்ற சூலம் ஒரு கரண்டித் தயிருக்குப் பயந்து ஓடுமானால் அதற்கு மனிதன் ஏன் பயப்பட வேண்டும்?

சென்ற வருஷம் நம்மோடு வேலைக்கு வருகின்ற ஒரு வாலிபருக்கு நேர்ந்த சங்கதியைச் சொல்லுகின்றோம். அவர் வண்டியின் முன்பக்கம் எலுமிச்சம் பழமும் மிளகாயும் கோத்து ஒவ்வொரு அமாவாசைக்கும் மாற்றிக் கட்டி வருவார். கைப்பிடியில் மஞ்சள் கயிறு. விளக்கின் மேல் மூன்று கோடு விபூதி. தலைக்கவசமும் உண்டு, ஆனால் அது பெட்ரோல் டாங்கியின் மேல் உட்கார்ந்திருக்கும். போலீஸ்காரர் கண்ணில் பட்டால் தலைக்கு ஏறும், தாண்டியதும் மறுபடியும் டாங்கிக்கே இறங்கிவிடும். ஒரு நாள் மாலை ஓசூரிலிருந்து திரும்புகையில் அவசரத்தில் பெட்ரோலை மாத்திரம் போட்டுக் கொண்டு, ஆயில் ஊற்ற மறந்து கிளம்பினார். சூளகிரி தாண்டி நீளமான இறக்கம் ஒன்றில் பெட்ரோல் மிச்சம் என்று திராட்டிலை முழுக்க மூடிவிட்டு வண்டியைச் சும்மா உருளவிட்டார். திடீரென்று இஞ்சின் பிடித்துக் கொண்டது. பின் சக்கரம் சுற்றாமல் நின்று விட்டது. மனிதர் ரோட்டில் இழுபட்டுப் போய் விழுந்தார். பின்னால் வந்த லாரிக்காரர் ஒடித்துத் திருப்பியபடியால் உயிர் தப்பிற்று. காறை எலும்பு முறிந்தது, தலையில் எட்டுத் தையல்.

ஆஸ்பத்திரியில் நாம் பார்க்கப் போனபோது அவர், "அண்ணே, நமக்கு நேரம் சரியில்லை" என்றார். வீட்டார் அதற்கு முன்பே ஜோசியரிடம் போய் வந்து விட்டார்கள். சனி பார்க்கின்றான் என்று ஜோசியர் சொல்லி, பரிகாரத்துக்கு 4,000 ரூபாய் வட்டிக்கு வாங்கியாய் விட்டது. நாம் மெக்கானிக் கடைக்குப் போனோம். மெக்கானிக் பிஸ்டனைக் கழற்றி நம் கையில் கொடுத்தார். பக்கமெல்லாம் பூனை பிறாண்டியது போல் கோடு கோடாய்ச் சுரண்டியிருந்தது. சனியனின் நகம் போலும்!

இந்த யந்திரத்தின் தத்துவத்தில் மறைபொருள் ஒன்றும் கிடையாது. போர்-ஸ்ட்ரோக் இஞ்சினில் பிஸ்டன் இரண்டு தடவை ஏறி இறங்கினால் ஒரு தடவை தீப்பற்றும். டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை தீப்பற்றும். வால்வு என்பதே இல்லை. சிலிண்டரின் பக்கத்தில் உள்ள துவாரங்களைப் பிஸ்டனே மூடித் திறந்து கொள்ளும். அதனால்தான் வண்டி சிறியதாயும் இலேசாயும், கழற்றி மாட்டச் சுலபமாயும் இருக்கின்றது. ஆனால் போர்-ஸ்ட்ரோக்கைப் போல் அடியில் எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து வருகின்ற ஆயில்தான் உள்ளே போய்ப் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழுவழுப்புக் கொடுக்க வேண்டும். வண்டிக்கு வண்டி கணக்கு வித்தியாசப்பட்டாலும் 50-க்கு ஒரு பங்கு, அதாவது லிட்டருக்கு 20 மில்லி என்பது பொதுவான வழக்கம். ஆகவே ஆயில் ஊற்ற மறந்தாலும் ஆபத்து. ஊற்றியிருந்தாலும், இறக்கத்தில் திராட்டிலை மூடிவிட்டால் பெட்ரோலும் வராது, பெட்ரோலோடு வர வேண்டிய ஆயிலும் வராது. வேகமாகச் சுற்றிக் கொண்டிருக்கின்ற பிஸ்டன் காய்ந்து போய்ச் சுவரைப் பிடித்துக் கொள்ளும். நமது வாலிபர் இரண்டு தப்பையும் ஒரே நாளில் செய்தார். இதில் சனிக்கு என்ன வேலை?

இறக்கத்தில் அடிக்கடி திராட்டிலைக் கொஞ்சம் திறந்து விட வேண்டும். இடது கையில் இரண்டு விரல் எப்பொழுதும் கிளட்சின் மேல் இருக்க வேண்டும். பிடிக்கின்றது போல் தெரிந்தவுடன் கிளட்சை அமுக்கினால் சக்கரம் தன் பாட்டுக்குச் சுற்றும், மனிதன் விழ மாட்டான். இந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிக் கொடுக்க 4,000 ரூபாய் யாரும் கேட்பதில்லை. ஆனால் இலவசமாய்க் கிடைக்கின்ற அறிவுக்கு நம் ஜனங்களிடம் மதிப்பு இல்லையே, என்ன செய்வது?

இந்த இஞ்சினைக் கண்டுபிடித்தவர்களும் நம்மைப் போன்ற மனிதர்களே. இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் இருந்த ஜோசப் டே என்பவர் 1891-ல் அடிப்பெட்டியிலேயே காற்றை அமுக்கி மேலே ஏற்றுகின்ற முறைக்குப் பேடண்டு வாங்கினார். ஜெர்மனியில் டி.கே.டபிள்யூ. கம்பெனியார் 1939-ல் செய்த 125 சி.சி. மோட்டார் சைக்கிளைப் பார்த்தே 1948-ல் இங்கிலாந்தில் பி.எஸ்.ஏ. பாண்டமும், 1955-ல் ஜப்பானில் யமாஹாவின் முதல் வண்டியும் செய்யப்பட்டன. ஒருவன் செய்ததை மற்றொருவன் பார்த்து, பிரித்து, குறையைக் கண்டு திருத்திச் செய்ததில் வளர்ந்த வித்தை இது. புஷ்பக விமானம் எங்கள் முன்னோரிடம் இருந்தது என்கின்றவர்கள் அந்த விமானத்துக்கு ஸ்பார்க் பிளக்கு எங்கே இருந்தது, கார்பன் பிடித்தால் எப்படிச் சுரண்டினார்கள் என்பதை எந்த ஓலைச் சுவடியிலாவது காட்டட்டும்.

தலைக்கவசத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவிலேயே அது இருக்கின்றது. சென்னை ஹைக்கோர்ட் உத்தரவின்மேல் 2015 ஜூலை 1-ந் தேதி முதல் தமிழ்நாட்டில் கண்டிப்பும் செய்தார்கள். ஆனால் நம்மவர்கள் தலைக்கவசம் போலீசாருக்காக என்றும், எலுமிச்சம் பழம் உயிருக்காக என்றும் எண்ணிக் கொண்டிருக்கின்றார்கள். வேர்க்கின்றது, மயிர் கொட்டுகின்றது என்று சொல்லுகின்றவர்களைக் கேட்கின்றோம், திருப்பதிக்குப் போய் அதே மயிரை அடியோடு கொடுத்துவிட்டு வருவதில் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் தெரியவில்லையே, அது எப்படி? பெண்டாட்டியைப் பின்னால் வைத்துக் கொண்டு போகின்றவர்களில் அவளுக்கு ஒரு கவசம் வாங்கியிருப்பவர் நூற்றுக்கு எத்தனை பேர்? பின்னால் உட்காருவோருக்கும் அதே சட்டம்தான். தாலி பாக்கியத்தை மாத்திரம் வேண்டிக் கொள்ளுகின்றவளின் தலை உடைந்தால் பரவாயில்லை என்பது எந்த தர்மமோ தெரியவில்லை.

இவ்வளவு சொன்ன நாம் நம்முடைய மூடபக்தியையும் சொல்லாமல் விடுவது யோக்கியமாகாது.

டூ-ஸ்ட்ரோக் வண்டி ஆயிலையும் சேர்த்து எரிப்பதால்தான் நீலப் புகை. அன்றியும், புதுப் பெட்ரோல் உள்ளே வருகின்ற துவாரமும் புகை வெளியே போகின்ற துவாரமும் ஒரே சமயத்தில் திறந்திருப்பதால் ஒரு பங்கு பெட்ரோல் எரியாமலே வெளியே போய் விடுகின்றது. அதாவது காசு கொடுத்து வாங்கியதில் ஒரு பாகத்தை நமக்குப் பின்னால் வருகின்றவனின் மூக்குக்குத் தானம் செய்து கொண்டு போகின்றோம். சர்க்கார் புகைக் கட்டுப்பாட்டை இறுக்க இறுக்கக் கம்பெனிகள் ஒவ்வொன்றாய் இதைக் கைவிட்டன. மொபெட்டுங்கூட 2015-ல் எக்ஸ்.எல். 100 என்று போர்-ஸ்ட்ரோக்காய் வந்துவிட்டது. 2020 ஏப்ரல் முதல் அமுலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 கட்டுப்பாட்டுக்கு முன் பழைய டூ-ஸ்ட்ரோக் நிற்க முடியாது. நம் வண்டி லிட்டருக்கு 40 கிலோமீட்டர் கொடுக்கின்றது. நாள் ஒன்றுக்கு 2½ லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்துக் கொண்டாலும் 25 நாளைக்கு 6,250 ரூபாய். 60 கிலோமீட்டர் கொடுக்கின்ற போர்-ஸ்ட்ரோக்கானால் 4,200-க்குள் முடிந்து விடும். ஆயில் செலவு தனி. மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் புகையாய் விட்டுக் கொண்டு, ஊரார் நுரையீரலையும் கெடுத்துக் கொண்டு, "அந்தச் சத்தம் எதற்கு வரும்!" என்று சொல்லித் துடைத்து வைத்துக் கொண்டிருந்தோம். சத்தத்தில் மயங்குவதில் பஜனை மடத்துக்காரருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? இந்தக் கணக்கை மூன்று வருஷத்துக்கு முன்னமே போட்டிருக்க வேண்டும். போட்டால் விற்க வேண்டி வருமே என்றுதான் போடவில்லை.

விபத்துக்குள்ளான வாலிபர் மூன்று மாதம் கழித்து வேலைக்கு வந்து விட்டார். இப்பொழுது கவசம் தலையில் இருக்கின்றது. ஆயில் அளக்க ஒரு சிறு குவளையும் பையில் வைத்திருக்கின்றார். பழமும் தொங்கத்தான் செய்கின்றது. "இருந்துவிட்டுப் போகட்டும் அண்ணே, அம்மா கட்டினது" என்கின்றார். அம்மாளிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பேசுவதாய் இருக்கின்றோம். அந்தப் பிஸ்டனை அவருக்குக் காட்டுவதற்காகவே மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கின்றோம்.

நம் வண்டிக்கு பெங்களூரிலிருந்து ஒருவர் விலை பேசியிருக்கின்றார். பழைய டூ-ஸ்ட்ரோக்கைப் புதிதாக்கிக் கொலுவில் வைப்பது போல் வைத்துக் கொள்ளுகின்றவர்கள் இப்பொழுது அங்கே அதிகமாம். அந்தப் பணத்தோடு கொஞ்சம் கடன் போட்டு ஒரு போர்-ஸ்ட்ரோக் வாங்க உத்தேசம். வண்டியை எடுக்க நல்ல நேரமாய்ப் பார்த்துச் சொல்லும்படி அவர் கேட்டிருந்தார். இந்த வாரம் நமக்கு இரவு ஷிப்டு. வியாழக்கிழமை பகல் 1½ மணிக்கு மேல் 3 மணிக்குள் வந்தால் வீட்டில் இருப்போம் என்று சொல்லியிருக்கின்றோம். அது ராகுகாலமாயிற்றே என்று தயங்குகின்றார். இன்னும் பதில் வரவில்லை.